ஒரு தாவரம் ஒவ்வாது என்று தெரிந்தபின் அதன் உறவுத் தாவரங்களில் எதை விலக்குவது, எதை உண்பது: முழுமையான வழிகாட்டி

என் மகள் 4 வயதில் ஒரு துண்டு முந்திரி கத்லி தின்ற 20 நிமிடத்துக்குள் உடலெங்கும் தடித்து, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அன்றே வீட்டில் மாம்பழம், பாதாம், தேங்காய் மூன்றையும் நிறுத்தினோம். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். பாதாமும் தேங்காயும் கொட்டை வகை என்று நாங்களே முடிவு கட்டினோம். பிஸ்தா எவர் நினைவுக்கும் வரவில்லை. ஏழு மாதம் கழித்து ஒரு திருமண வரவேற்பில் பிஸ்தா ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி உண்டதும் அதே தடிப்பு, கூடவே இரைப்பு. பின்னர் முறையாகச் சோதித்தபோது மாம்பழம், பாதாம், தேங்காய் மூன்றும் அவளுக்கு ஒத்துக்கொள்பவை என்று தெரிந்தது. விலக்க வேண்டியதை விட்டுவிட்டு, வேண்டாதவற்றை விலக்கியிருந்தோம்.

அதன்பின் சென்னையில் எங்களிடம் கேட்டு வந்த பல குடும்பங்கள் இதே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்தேன். ஒரு தாவரத்தின் புரத வடிவத்தை எதிரியாகப் பதிந்துகொண்ட உடல், அதே வடிவம் வேறொரு தாவரத்தில் தென்பட்டாலும் கிளர்ந்தெழுவதே குறுக்கு ஒவ்வாமை. உறவுத் தாவரங்களில் வடிவம் ஒத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் தாவரக் குடும்பம் ஒரு துப்பு. ஆனால் அது துப்பு மட்டுமே, தீர்ப்பு அன்று. கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எழுதியதைக் கொண்டே நடக்கும்.

1. அவசரத் திட்டம் முதலில்

பலர் இதைக் கடைசியில் கேட்கிறார்கள். தேடல் முடியச் சில மாதங்கள் ஆகலாம், அதற்குள் இன்னொரு முறை தவறுதலாக உண்ண நேரலாம் என்பதால் இதுவே முதற்படி.

குரல் கரகரப்பு, தொண்டை இறுக்கம், இரைப்பு, தலைசுற்றி மயங்குதல், தடிப்போடு சேர்ந்து தொடரும் வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அது தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறத் தசையில் போடப்படுவது. ஆயத்தப் பேனா வடிவில் அது நம் மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே எடைக்கேற்ற அளவை எழுதி வாங்கி, குப்பியிலிருந்து ஊசியில் ஏற்றும் முறையை மருத்துவர் எதிரிலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டபின் நோயாளியைப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். தேறிவிட்டது போல் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

இங்கே நடக்கும் பெரிய தவறு, செட்ரிசின் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. அது தடிப்பையும் அரிப்பையும் தணிக்கும். மூச்சுக்குழல் இறுகுவதையும் ரத்த அழுத்தம் சரிவதையும் நிறுத்தாது.

2. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

ஒரு நோட்டும் கைபேசியும் போதும். தடிப்பு, வாந்தி, அரிப்பு போன்ற ஒவ்வாமை வினை தொடங்குவதற்கு முந்தைய 4 மணி நேரத்தில் உண்டவை அனைத்தையும், தோல் புண்ணாக இருந்தால் முந்தைய 3 நாட்களில் தொட்ட செடி, பூ, எண்ணெய், கையுறை அனைத்தையும் எழுதுங்கள்.

பச்சையாகவா, வேகவைத்தா, தோலோடா, எவ்வளவு என்பதும் வேண்டும். அன்று காய்ச்சல் இருந்ததா, வலி மாத்திரை எடுத்தீர்களா, உண்டவுடன் ஓடினீர்களா என்பதையும் குறியுங்கள். இவை வினையை வலுவாக்கக் கூடியவை. பொட்டலத்தில் வந்த உணவு எனில் உறையைத் தூக்கி எறியாமல் பின்பக்கத்தைப் படமெடுங்கள். செடி எனில் இலையை மட்டும் எடுத்தால் அடையாளம் காண்பது கடினம். பூவோ காயோ உள்ள கிளையைப் படமெடுங்கள்.

3. எந்த வகை வினை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள்தான் பிறகு அதிகம் குழம்புகிறார்கள். வினையின் வகை மாறினால் உறவுத் தாவரங்களின் பட்டியலும் மாறிவிடும்.

சில நிமிடங்களில் தொடங்கி, பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் வரும் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இரைப்பு ஆகியவை ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் வழியாக வருபவை. இவற்றைத் தூண்டுவது புரதம்.

பெரும்பாலும் 1 முதல் 3 நாள் கழித்து, தொட்ட இடம் சிவந்து நீர்க்கொப்புளம் கட்டி அரிப்பது தொடு ஒவ்வாமை. இதைத் தூண்டுவது புரதம் அன்று. செடியின் பாலிலோ இலைமயிரிலோ உள்ள சிறிய வேதிப்பொருள். எனவே மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகிறவர், முந்திரிப் பருப்பைத் தின்றால் மூச்சு அடைக்கும் என்று அதை வைத்து அஞ்ச வேண்டியதில்லை. முந்திரிப் பருப்பால் மூச்சு அடைத்தவர் அந்த ஒரு காரணத்துக்காக மாம்பழத்தை விட வேண்டியதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு வழிகள்.

பச்சைக் காயோ பழமோ கடித்தவுடன் வாயும் தொண்டையும் மட்டும் அரித்து, அதையே வேகவைத்து உண்டால் ஒன்றும் ஆகாதிருப்பது மூன்றாவது வகை. சூட்டில் சிதையும் புரதங்கள், பெரும்பாலும் மகரந்தத்தில் உள்ளவற்றை ஒத்தவை, இதற்குக் காரணம்.

ஒவ்வாமையே அல்லாதவையும் உண்டு. கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஆகியவற்றின் காறல், கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசிப் படிகங்கள் குத்துவதால் வருவது. சரியாக வேகாத கிழங்கை யார் உண்டாலும் நாக்கு நமைக்கும். அதற்கு உறவுத் தாவரம் தேடிப் பயனில்லை.

4. தொந்தரவின்றி உண்டு வருபவற்றை எழுதுங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியில் மிக மதிப்புள்ள படி இதுவே. கிட்டத்தட்ட எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். விலக்க வேண்டியவற்றை எழுதும் அவசரத்தில், கடந்த ஒரு மாதத்தில் நன்றாக உண்டு செரித்தவற்றை ஒருவரும் எழுதுவதில்லை.

இட்லி உண்டிருந்தால் உளுந்து ஒத்துக்கொள்கிறது. சாம்பார் உண்டிருந்தால் துவரை, வெந்தயம், கொத்தமல்லி விதை, புளி ஆகியவை ஒத்துக்கொள்கின்றன. கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் தின்றுவிட்டு நன்றாக இருந்த பிள்ளைக்குப் பட்டாணி ஒத்துக்கொள்கிறது என்பதற்கு எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அந்தச் சுண்டல் வலுவான சான்று. வினைக்குப் பிறகும் ஒருவர் வழக்கமான அளவில் உண்டு வரும் பொருளைக் குடும்ப உறவை மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள்.

5. பெயரை விட்டுத் தாவரக் குடும்பத்தைப் பாருங்கள்

தமிழ்ப் பெயர்கள் பயனையும் வடிவத்தையும் கண்டு வைத்தவை. உறவை அவை காட்ட வேண்டும் என்பதில்லை; சில நேரம் எதிர்த்திசையில் இழுக்கும்.

சீரகமும் பெருஞ்சீரகமாகிய சோம்பும் உறவு, இரண்டும் கொத்தமல்லி, ஓமம், கேரட் ஆகியவற்றோடு ஒரே குடும்பம். கருஞ்சீரகமோ வேறு குடும்பம். மிளகாய், குடைமிளகாய், கத்தரி, தக்காளி, உருளை ஒன்றுக்கொன்று உறவு. மிளகு அவற்றுக்கு அந்நியம். முந்திரிக்கும் கொடிமுந்திரி எனப்படும் திராட்சைக்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. கடையில் வாங்கும் பாதாம் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் தெருவோரங்களில் நிழல் தரும் நாட்டுவாதுமை மரம் அதற்கு உறவே இல்லை. தேங்காய் பனைக் குடும்பம். முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகள் ஒவ்வாதவர்களில் பெரும்பாலோர் அதைத் தாராளமாக உண்கிறார்கள்.

அதிகம் குழப்புவது ‘கடலை’ என்னும் சொல். வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் ஒரே அவரைக் குடும்பத்தின் தனித்தனிச் செடிகள். பொட்டுக்கடலை என்பது வறுத்து உடைத்த கொண்டைக்கடலை. ‘கடலை ஒத்துக்கொள்ளாது’ என்று மட்டும் எழுதி வைத்தால் பள்ளி ஆசிரியர் ஒன்றை நினைப்பார், பாட்டி இன்னொன்றை நினைப்பார்.

தாவரவியல் பெயரைத் தேடினால் அருகிலேயே குடும்பப் பெயர் இருக்கும். அது ‘ஏசியே’ என்று முடியும். அனகார்டியேசியே முந்திரிக் குடும்பம், ஃபேபேசியே அவரைக் குடும்பம், ஆஸ்டரேசியே சூரியகாந்திக் குடும்பம்.

6. குடும்பத்துக்குள் எது நெருக்கம் என்று பாருங்கள்

முந்திரியும் பிஸ்தாவும்: இவற்றின் விதைச் சேமிப்புப் புரதங்கள் மிக நெருக்கமானவை, வறுத்தாலும் சிதையாதவை. ஒன்று ஒவ்வாதவர், மற்றது ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை, இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும். இனிப்புகளில் இடும் சாரப்பருப்பும் இதே குடும்பம் என்பதால் அதையும் கேட்டுத் தெளியுங்கள். இன்னொன்று: இனிப்பின் மேல் தூவிய பச்சைத் துருவல் பிஸ்தாவாகவும் இருக்கலாம், பச்சை நிறமேற்றிய வேர்க்கடலையாகவும் இருக்கலாம், இரண்டில் எது ஒவ்வாதவருக்கும் அது ஆகாது. பெக்கான் பருப்புக்கும் வால்நட்டுக்கும் இடையிலும் இத்தகைய நெருக்கம் உண்டு.

மாங்காய்ப் பால்: இங்கே தூண்டுவது காம்படிப் பாலிலும் தோலிலும் உள்ள பிசின் போன்ற பொருள். இதன் உண்மையான உறவுகள் முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயும், சலவைக்குறி இடப் பயன்பட்ட சேராங்கொட்டையும். எனவே இவர் செய்ய வேண்டியது, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து உறவினர் கொண்டுவரும் ஓட்டோடு கூடிய கொட்டையைச் சுட்டு உடைக்காமல் இருப்பதும், சித்த மருத்துவரிடம் செல்லும்போது சேராங்கொட்டை சேர்ந்த மருந்து தமக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வதும். இத்தகையோரில் பலர், வேறொருவர் கழுவித் தோல் சீவித் தந்த மாம்பழச் சதையைத் தொந்தரவின்றி உண்கிறார்கள்.

அவரைக் குடும்பம்: இங்கேதான் தேவையற்ற விலக்கு மிகுந்த தீங்கு செய்கிறது. வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைக்கு எல்லாப் பருப்பையும் நிறுத்திவிட்ட ஒரு சைவக் குடும்பத்தை அறிவேன்; ஓராண்டில் குழந்தை எடை குறைந்து சோர்ந்துபோயிற்று. குடும்பத்தை அப்படியே விலக்குவதானால் துவரை, உளுந்து, பயறு, வெந்தயம் மட்டுமல்ல, புளியையும் விலக்க வேண்டியிருக்கும். அதுவும் அவரைக் குடும்பமே. வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்குப் பரிசோதனையில் பிற பருப்புகளும் பாசிட்டிவ் ஆவது மிகச் சாதாரணம். உண்டால் உண்மையில் வினை வருவது 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு என்று மேலைநாட்டு ஆய்வுகளை வைத்துப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி மூன்றும் தமக்குள் நெருக்கமானவை. ஒன்றால் கடும் வினை வந்தவர் மற்ற இரண்டையும் சோதித்தபின் உண்பது நல்லது. வேர்க்கடலைக்கும் வெந்தயத்துக்கும் இடையே புரத ஒற்றுமை காணப்பட்டிருப்பதால் வெந்தயத்தையும் மருத்துவரிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பார்த்தீனியம்: காலிமனைகளில் வளரும் இச்செடியின் துகள் காற்றில் வந்து படிந்தே கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்புகளில் அரிப்பையும் தோல் தடிப்பையும் உண்டாக்கும். சாமந்தி, சூரியகாந்தி, மூக்குத்திப்பூ எனப்படும் வெட்டுக்காயப் பூண்டு ஆகியவை இதன் குடும்பம். பூக்கட்டும் தொழில் செய்வோருக்குக் கைப்புண் ஆறாமல் இருந்தால், சாமந்தியோடு இந்தச் செடியையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ரப்பர் பால்: குடும்பத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ, கிவி ஆகியவை ரப்பர் மரத்துக்கு உறவல்ல. ஆயினும் பூஞ்சையை எதிர்க்கத் தாவரங்கள் உருவாக்கும் காப்புப் புரதங்கள் ஒத்திருப்பதால், ரப்பர் பால் ஒவ்வாதவர்களில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு தாவர உணவும் ஒவ்வாமல் போகிறது. வாழைப்பழம் தின்று வாய் அரிப்பவர், பலூன் ஊதியபோது உதடு வீங்கியதுண்டா என்று நினைத்துப் பார்த்து, பல் சிகிச்சைக்கும் அறுவைக்கும் முன் அதைச் சொல்ல வேண்டும்.

7. கேள்வியோடு பரிசோதனைக்குச் செல்லுங்கள்

இப்போதுதான் பரிசோதனை. நூறு பொருட்களுக்கான பேனலை முதலிலேயே எடுத்துவிட்டு, சிவப்பில் அச்சான இருபது பெயர்களோடு அலைபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாசிட்டிவ் என்றால் உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டிருக்கிறது என்றே பொருள்; உண்டால் வினை வரும் என்று பொருள் அன்று. எல்லாத் தாவரங்களிலும் பொதுவாக உள்ள புரொஃபிலின் என்னும் புரதமும், புரதங்களின் மேல் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகளும் பல பெயர்களை ஒரே நேரத்தில் பாசிட்டிவ் ஆக்கிவிடும்.

2 முதல் 6 வரையிலான படிகளில் எழுதியவற்றைக் காட்டி, ‘இந்த நான்கு பொருட்கள் மட்டும் ஐயம்’ என்று சொல்லுங்கள். புரதக் கூறு வாரியான சோதனை வாய்க்குமானால், முந்திரிக்கு ‘அனா ஓ 3’, வேர்க்கடலைக்கு ‘அரா எச் 2’ ஆகியவை உண்மையான ஒவ்வாமையை வெறும் ஒற்றுமையிலிருந்து பிரித்துக்காட்ட உதவும்.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். சளி மருந்து சிரப்பிலும் அதே மருந்து இருக்கும் என்பதை மறந்து வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு நிறுத்த வேண்டியதில்லை. பழமோ காயோ ஐயம் என்றால் புதிதாக வாங்கிக் கையோடு எடுத்துச் செல்லலாமா என்று கேளுங்கள். சோதனைக்கென ஆயத்தமாக வரும் சாற்றில் பழப் புரதம் விரைவில் சிதைந்துவிடும்.

தொடு ஒவ்வாமைக்கு வேண்டியது பேட்ச் டெஸ்ட். முதுகில் ஒட்டியதை 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து, எடுத்தபின் மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சித்திரை, வைகாசி வியர்வையில் ஒட்டு நழுவிவிடுகிறது. அவசரம் இல்லையென்றால் மார்கழி, தை மாதங்களில் நாள் வாங்குங்கள். உணவு ஒவ்வாமைக்கு, ஐஜிஇ அல்லாத வேறோர் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஐஜிஜி சோதனையும் தலைமுடிச் சோதனையும் எதையும் காட்டமாட்டா. அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

8. ஐயம் நீங்காதவற்றை மருத்துவமனையில் உண்டு பார்த்தல்

பரிசோதனையும் அனுபவமும் முரண்படும் பொருளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மிகச் சிறிய அளவில் தொடங்கி 15 முதல் 30 நிமிட இடைவெளியில் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதே இறுதி விடை. காய்ச்சல், சளி, இரைப்பு எதுவும் இல்லாத நாளில் செல்லுங்கள், முழுநாள் ஆகலாம்.

‘நாக்கு நுனியில் கொஞ்சம் வைத்துப் பார்ப்போம்’ என்று வீட்டில் செய்வது பெருந்தவறு. சிறு அளவே கடும் வினையைக் கொண்டுவரக்கூடும். நாக்கில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் முழு அளவு ஒத்துக்கொள்ளும் என்றும் ஆகாது.

தேறிய பொருளை வீட்டில் வழக்கமாகக் கொடுத்து வாருங்கள். தேறியபின்னும் அச்சத்தால் ஒதுக்கி வைத்தால் சோதனையின் பயன் போய்விடும்.

9. பட்டியலைச் சமையலறைக்கும் வெளியுலகுக்கும் மாற்றுங்கள்

ஒரே தாளில் மூன்று பத்தி: விலக்கு, உண்ணலாம், இன்னும் சோதிக்கவில்லை. முழுப்பெயர் எழுதுங்கள், ‘நட்ஸ்’, ‘கடலை’ போன்ற பொதுச் சொற்கள் வேண்டாம்.

2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைப்படி பொட்டல உணவில் வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா ஆகியவை இருந்தால் தனியாக அறிவிக்க வேண்டும். கொண்டைக்கடலை, எள், கடுகு ஆகியவை அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குச் சேர்பொருள் பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் புரதம் தங்கியிருக்கும். சுத்திகரித்த எண்ணெயில் அது மிகக் குறைவு. செக்கு எண்ணெய்க்கு மாறிய வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

உணவகத்தில் ‘முந்திரி இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். கேட்கப்படுபவர் நினைப்பது மேலே தூவிய வறுத்த முந்திரியை. ‘குருமாவில் முந்திரி அரைத்து விட்டிருக்கிறீர்களா? அதே மிக்ஸி ஜாரில் இந்தச் சட்னியை அரைத்தீர்களா?’ என்று கேட்டால் உண்மையான விடை கிடைக்கும். கோயில் பிரசாதமாக வரும் சர்க்கரைப் பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எறிந்துவிட்டு ஊட்டுவதும் ஆகாது. முந்திரி வறுபட்ட நெய்யிலேயே அதன் புரதம் கலந்திருக்கும்.

தாளின் மேல்முனையில் அடுத்த மறுபரிசோதனை நாளை எழுதுங்கள். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகளில் ஏறக்குறைய 20 சதவீதம் பேரும், மரக்கொட்டை ஒவ்வாதவர்களில் சுமார் 10 சதவீதம் பேரும் வளர்ந்தபின் அதிலிருந்து விடுபடுகிறார்கள். அது வீட்டில் தெரியவராது, மருத்துவரே சொல்ல முடியும். எங்கள் தாள் அடுப்படி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அதன் நகல் மகளின் பள்ளிப் பையில் ஊசிமருந்துப் பெட்டியோடு இருக்கிறது.